நான்காம் இடத்து மல்லர்

1936 பெர்லின் ஒலிம்பிக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இரண்டே பெயர்கள். நான்கு தங்கம் வென்ற ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஒருவர். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று துவைத்தெடுத்த நம் ஹாக்கி அணியின் கேப்டன் தியான் சந்த் இன்னொருவர். நான் சொல்லப்போகிற ஆள் அந்த ஒலிம்பிக்கில் எதையும் ஜெயிக்கவில்லை. கிரேக்க-ரோமானிய மல்யுத்தம், 87 கிலோ பிரிவு, நான்காம் இடம். நான்காவதாக வந்தவருக்கு மேடை கிடையாது, பதக்கம் கிடையாது. மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி வந்தால் அதிகம்.

பெயர் வெர்னர் ஸேலன்பிண்டர். ஜெர்மன் கம்யூனிஸ்ட். பதக்க மேடையில் ஏறியதும், எல்லோரும் கையை நீட்டி ஹிட்லருக்கு சல்யூட் வைக்கும் அந்த நேரத்தில், உலகத்துப் பத்திரிகைக்காரர்கள் பார்க்க, அதை வைக்காமல் வேறொரு சைகை காட்டுவது என்பது அவருடைய திட்டம். அதற்குத்தான் அவருக்குப் பதக்கம் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை, திட்டமும் நடக்கவில்லை. இருந்தும் அவரைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்த நடக்காத சைகையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படியே செய்துவிட்டேன். கதை என்று பார்த்தால் அது நல்ல கதைதான். என்னைக் கேட்டால், அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் யாருக்கும் தெரியாமல் செய்த வேலைதான் பெரிது. டீயை ஆற வைத்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

1904-இல் ஸ்டெட்டின் துறைமுக நகரத்தில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. சின்ன வயதிலேயே குடும்பம் பெர்லினுக்கு வந்துவிட்டது. தொழிலாளர் குடும்பம், ஹோட்டலில் எடுபிடிப் பையன், தச்சு வேலை, சுமை தூக்கும் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்து வளர்ந்தார். மாலையில் குஸ்தி. பெர்லினின் தெற்குப் பக்கம் நொய்கெல்ன் என்று ஒரு தொழிலாளர் பேட்டை, அங்கே ஒரு மல்யுத்த கிளப்.

அந்தக் காலத்து ஜெர்மனியில் எந்த கிளப்பில் சேர்கிறீர்கள் என்பதே ஒரு அரசியல் நிலைப்பாடு. பணக்காரர்கள், அதிகாரிகள் நடத்திய சங்கங்கள் ஒரு பக்கம். தொழிலாளர்கள் தங்களுக்கென்று கட்டிய விளையாட்டுச் சங்கங்கள் இன்னொரு பக்கம். நீச்சல், சைக்கிள், செஸ், மல்யுத்தம், எல்லாவற்றுக்கும் தனித்தனி அமைப்பு. உறுப்பினர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களுக்குத் தனி ஒலிம்பிக்கூட இருந்தது. 1925-இல் பிராங்க்பர்ட்டில் நடந்த தொழிலாளர் ஒலிம்பியாடில் எந்த நாட்டுக் கொடியும் ஏற்றவில்லை, செங்கொடிதான். எந்த நாட்டுக் கீதமும் பாடவில்லை, சர்வதேச கீதம்தான். முதல் உலகப் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாட்டுக்காரர்கள் ஏழே வருடத்தில் ஒரே மைதானத்தில் கூடியிருந்தார்கள். அந்தப் போட்டியில் தன் எடைப் பிரிவில் ஜெயித்தவர் இருபது வயது ஸேலன்பிண்டர். விளையாட்டு மேடை என்றால் என்ன என்று அவர் முதலில் கற்றுக்கொண்டது அங்கேதான். பதினொரு வருடம் கழித்து ஸ்வஸ்திகா கொடிகளுக்கு நடுவில் நின்றபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

1928-இல் சோவியத் யூனியன் மாஸ்கோவில் ஸ்பார்டகியாட் என்ற பெயரில் தன் பங்குக்கு ஒரு விளையாட்டு விழா நடத்தியது. ஜெர்மன் தொழிலாளர் விளையாட்டு அமைப்பின் தலைமை சோஷியல் டெமாக்ரட்டுகள் கையில் இருந்தது. யாரும் போகக்கூடாது என்றார்கள். ஸேலன்பிண்டர் போனார். திரும்பி வந்து கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கட்சியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கணக்கு நேராகாது. அதே 1928-லிருந்து ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி, மாஸ்கோ சொன்னபடி, சோஷியல் டெமாக்ரட்டுகளை ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று வசைபாடிக்கொண்டிருந்தது. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 196 இடம். சோஷியல் டெமாக்ரட்டுகளுக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டிப் பார்த்தால் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து நின்றிருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்கலாம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான், முயன்றாவது பார்த்திருக்கலாம். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் பிரதமர். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. அதைச் சாக்காக வைத்துக் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடத் தொடங்கினார்கள். கட்சித் தலைவர் ஏர்ன்ஸ்ட் தேல்மன் மார்ச் 3-இல் பிடிபட்டார். 11 வருடம் தனிச்சிறையில் வைத்திருந்து 1944-இல் சுட்டுக் கொன்றார்கள். தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்களைத் தடை செய்து மைதானங்களையும் மண்டபங்களையும் பறித்துக்கொண்டார்கள்.

அதே 1933-இல் ஜெர்மன் தேசிய மல்யுத்தப் போட்டி. ஸேலன்பிண்டர் சாம்பியன். மேடையில் பதக்கம் வாங்கும்போது எல்லோரும் வலது கையை நீட்டினார்கள், இவர் நீட்டவில்லை. 16 மாதம் பயிற்சிக்கும் போட்டிக்கும் தடை.

கையை நீட்டாமல் இருப்பதில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். அந்த சல்யூட் வெறும் மரியாதை இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளருக்கு வைக்க வேண்டும், வாத்தியார் வகுப்பில் நுழைந்ததும் வைக்க வேண்டும், கடிதத்தின் கடைசியில் ‘ஹைல் ஹிட்லர்’ என்று எழுத வேண்டும். ஒருவர் எந்தப் பக்கம் என்று ஒரு நாளில் இருபது தடவை சோதித்துப் பார்க்கிற ஏற்பாடு அது. மனதில் என்ன இருந்தாலும் கையை நீட்டிவிட்டுப் போகலாம் என்று பெரும்பாலானோர் நீட்டினார்கள். நீட்டி நீட்டிப் பழகியும் போனார்கள். எல்லோரும் நீட்டும்போது ஒரு கை மட்டும் தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தால், மற்ற கைகள் நீண்டது பயத்தால் என்பது அம்பலமாகிவிடும். அதனால்தான் அவ்வளவு சின்ன விஷயத்துக்கு அவ்வளவு பெரிய தண்டனை.

தடை முடிந்து மீண்டும் களத்துக்கு வந்தார். 1935-இல் மறுபடியும் தேசிய சாம்பியன். இப்போது ஒலிம்பிக் அணியில் இடம் உறுதி. போகலாமா, வேண்டாமா? நாஜிகள் நடத்துகிற விழாவில், நெஞ்சில் கழுகும் ஸ்வஸ்திகாவும் போட்ட பனியனோடு ஒரு கம்யூனிஸ்ட் எப்படி இறங்குவது? உலகம் முழுவதும் இடதுசாரிகள் பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். பார்சிலோனாவில் அதற்கு மாற்றாக மக்கள் ஒலிம்பியாட் நடத்த ஏற்பாடாகி, தொடங்க வேண்டிய சமயத்தில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடித்து நின்றுபோனது. பெர்லினில் தலைமறைவாக இருந்த தோழர்கள் ஸேலன்பிண்டரிடம் போகச் சொன்னார்கள். போ, ஜெயி, மேடையில் நின்று காட்டு.

இதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கோடையில் பெர்லின் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தது. யூதர்கள் இங்கே வரக்கூடாது என்ற பலகைகளை எடுத்து வைத்துவிட்டார்கள். ஜூலை 16-இல், விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால், நகரத்திலிருந்த சிந்தி, ரோமா மக்களை வாரிக்கொண்டுபோய் மார்சான் என்ற இடத்தில் கழிவுநீர் வயலுக்குப் பக்கத்தில் அடைத்தார்கள். நகரத்துக்கு வடக்கே ஓரானியன்பர்க்கில் கைதிகளே மரம் வெட்டி ஸாக்ஸன்ஹவுசன் வதைமுகாமைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகள் பார்த்ததெல்லாம் கொடியும் பூவும் புறாவும்தான். அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழ வேண்டுமென்றால் அது உள்ளே இருக்கிற ஒருவரால்தான் முடியும். அமெரிக்கரோ இந்தியரோ சல்யூட் வைக்காமல் போனால் வெளிநாட்டுக்காரர்கள் என்று விட்டுவிடலாம். ஜெர்மன் பனியன் போட்ட ஜெர்மானியரை அப்படி ஒதுக்க முடியாது.

மல்யுத்தம் நடந்தது டாய்ச்லண்ட் ஹால் என்ற புது உள்ளரங்கத்தில். கிரேக்க-ரோமானிய முறையில் இடுப்புக்குக் கீழே கை போகக்கூடாது. காலைத் தட்டிவிடவும் கூடாது. நெஞ்சோடு நெஞ்சு வைத்துக் கட்டி, தூக்கி, சாய்த்து, இரண்டு தோளையும் விரிப்பில் அழுத்த வேண்டும். அன்றைய விதிப்படி ஒரு தோல்வியோடு ஆட்டம் முடியாது. தோற்றால், அல்லது சுமாராக ஜெயித்தால்கூட, தண்டனைப் புள்ளி ஏறும். ஐந்து சேர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். ஸேலன்பிண்டர் முதல் சுற்றிலேயே லாட்வியாவின் எட்வின்ஸ் பியெடாக்ஸிடம் தோற்றார். அது தலையில் ஏறிய பாரம். அதைச் சுமந்துகொண்டு நான்காம் இடம் வரைக்கும் வர முடிந்தது. தங்கம் ஸ்வீடனின் ஆக்சல் காடியருக்கு, வெள்ளி அதே பியெடாக்ஸுக்கு, வெண்கலம் எஸ்டோனியாவின் ஆகஸ்ட் நியோவுக்கு. இன்னும் ஒரே ஒரு படி.

மேடை ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அநேகமாகக் கைது, அநேகமாக வதைமுகாம். ஒரு புகைப்படம் மிஞ்சியிருக்கும், இன்றைக்கு உலகத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். மாறாக, வீட்டுக்குப் போனார். மறுநாளும் அவர் தேசிய அணியின் நல்ல மல்லர், சந்தேகத்துக்கு இடமில்லாத ஆள். தோற்றதால்தான் அடுத்த ஆறு வருடம் அவருக்குக் கிடைத்தது.

அந்த ஆறு வருடத்தில் என்ன செய்தார் என்று புரிய வேண்டுமென்றால், தலைமறைவுக் கட்சி எப்படி இயங்கியது என்று பார்க்க வேண்டும். 1933-க்கு முன் சுமார் மூன்று லட்சம் உறுப்பினர்கள் இருந்த கட்சி. அவர்களில் பாதிப் பேராவது ஏதாவது ஒரு கட்டத்தில் சிறையையோ முகாமையோ பார்த்தவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தலைமையில் தப்பியவர்கள் வெளிநாட்டில். உள்ளே இருந்தவர்களுக்கு ரேடியோவும் பத்திரிகையும் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் சொன்னதைத்தான் சொல்லும். ஆகவே எதிர்ப்பு என்றால் முதலில் செய்தி. வெளியிலிருந்து செய்தியை உள்ளே கொண்டுவர வேண்டும், உள்ளே நடப்பதை வெளியே சொல்ல வேண்டும். அதற்காக என்னவெல்லாம் செய்தார்கள் தெரியுமா? சிகரெட் தாள் கனத்துக்கு மெல்லிய தாளில் பொடி எழுத்தில் பிரசுரம் அச்சடித்து, ஷாம்பு பாக்கெட்டில் வைத்தார்கள், தக்காளி விதைப் பாக்கெட்டில் வைத்தார்கள். தேயிலைப் பொட்டலத்தில்கூட வைத்தார்கள். நாஜிகளின் அட்டூழியங்களைத் தொகுத்த ‘பழுப்புப் புத்தகம்’ ஜெர்மனிக்குள் வந்தது கவிஞர் கதேயின் காவியம் ஒன்றின் அட்டையோடு. மேலே புரட்டினால் கதே, இரண்டு பக்கம் தள்ளினால் வதைமுகாம்.

இதையெல்லாம் எல்லை தாண்டிக் கொண்டுபோக ஆள் வேண்டும். போலீஸ் பட்டியலில் இருக்கிற கம்யூனிஸ்டுக்குப் பாஸ்போர்ட் யார் தருவார்? ஒரு மல்லருக்குத் தருவார்கள். அணியோடு ரயிலில் போகிறார், பெட்டியில் பனியனும் துண்டும் ஷூவும், வெளிநாட்டில் போட்டி, இரண்டு நாள் தங்கல். ஸேலன்பிண்டர் தூது ஆளானார். நல்ல மல்லராக இருக்கிற வரைக்கும்தான் இந்தப் பயணம். ஆகவே தொடர்ந்து ஜெயித்தாக வேண்டும், ஜெயித்தார். 1937-லும் 1938-லும் ஐரோப்பியப் போட்டியில் மூன்றாம் இடம். தேசிய சாம்பியன் பட்டம் 1937, 1938, 1940, 1941 என்று மொத்தம் ஆறு தடவை. வெளியிலிருந்து பார்த்தால் நாஜி ஜெர்மனியின் பெருமைக்குரிய விளையாட்டு வீரர். இதுதான் எனக்கு அவரிடம் மிகவும் கஷ்டமாகப் படுகிற விஷயம். ஒருநாள் வீரம் காட்டுவதற்கு ஒருவிதத் துணிச்சல் போதும். ஆறு வருடம் எதிரியின் சின்னத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு கைதட்டல் வாங்குவதற்கு வேறு ஏதோ வேண்டும்.

நடுவில் இன்னொரு அடி. 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். ஜெர்மனிக்குள் உயிரைப் பணயம் வைத்திருந்தவர்களுக்கு அது தலையில் இடி. அது மட்டுமா? சோவியத் ரஷ்யாவில் அடைக்கலம் தேடிப் போயிருந்த ஜெர்மன் கம்யூனிஸ்டுகள் பலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள், சிலரை 1940-இல் ஸ்டாலினின் போலீஸ் எல்லையில் கொண்டுவந்து நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ கையில் ஒப்படைத்தது. மார்கரேட் பூபர்-நொய்மன் அப்படி ஒப்படைக்கப்பட்டவர். சோவியத் முகாமிலிருந்து வந்தவர் நாஜிகளின் ராவன்ஸ்பிரூக் முகாமுக்குப் போனார். கட்சி வரலாறு எழுதியவர்கள் வெகுகாலம் இந்தப் பக்கத்தைப் புரட்டாமலே தாண்டினார்கள்.

பெர்லின் தொழிற்சாலைகளில் இருந்தவர்கள் இவ்வளவுக்குப் பிறகும் வேலையை விடவில்லை. ஓஸ்ராம் பல்பு தொழிற்சாலையில் கருவி செய்யும் தொழிலாளி ராபர்ட் ஊரிக். ஏற்கெனவே சிறைக்குப் போய்வந்தவர். அவர் தொழிற்சாலை தொழிற்சாலையாகச் சின்னச் சின்னக் குழுக்களைக் கோத்துக்கொண்டு வந்தார். அவரோடு சேர்ந்தவர்களில் பெப்போ ரேமர் என்ற முன்னாள் ராணுவ கேப்டனும் உண்டு. முதல் போருக்குப் பிறகு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய தன்னார்வப் படையில் இருந்துவிட்டுப் பிறகு இந்தப் பக்கம் வந்தவர். இவர்கள் ரகசியமாகச் செய்திமடல் போட்டார்கள். ஆயுத உற்பத்தி எவ்வளவு, போர்முனையில் உண்மையில் என்ன நடக்கிறது, எந்திரத்தை எப்படி மெதுவாக்குவது, இதெல்லாம் அதில் வரும். ஸேலன்பிண்டர் இந்த ஊரிக் குழுவின் ஆள்.

குழு பெரிதானால் ஆபத்தும் பெரிதாகும். கெஸ்டபோவின் உளவாளிகள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். 1942 பிப்ரவரியில் வலை விழுந்தது, சுமார் 200 பேர் பிடிபட்டார்கள். ஸேலன்பிண்டர் கைதானது பிப்ரவரி 4. முந்தைய வருடம் தேசிய சாம்பியனாக இருந்தவர்.

பிறகு இரண்டரை வருடம், ஒன்பது சிறைகளும் முகாம்களும். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள். 1944-இல் ‘மக்கள் நீதிமன்றம்’ என்று பெயர் வைத்திருந்த அந்த இடம் தேசத்துரோகம் என்று மரணதண்டனை விதித்தது. அக்டோபர் 24-இல் பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டினில் தலையை வெட்டினார்கள். அவருக்கு வயது 40. சிறையின் வண்டிக் கொட்டகைதான் அங்கே கொலைக்கூடம். 1940-லிருந்து போர் முடியும் வரை அங்கே கொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். ஊரிக்கையும் ரேமரையும் அதே வருடக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அங்கேயே கொன்றார்கள். அதே சிறையில் பத்து வருடத் தண்டனைக் கைதியாக இருந்து உயிர் தப்பிய ஒரு கம்யூனிஸ்ட் பின்னால் கிழக்கு ஜெர்மனியின் தலைவரானார், எரிக் ஹோனெக்கர்.

சாவதற்கு முன் ஸேலன்பிண்டர் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு மனிதனால் தாங்கக்கூடிய எல்லா வதையையும் பார்த்துவிட்டேன் என்கிறார். போர் முடிந்து உங்களோடும் விளையாட்டு நண்பர்களோடும் வாழ ஆசையாக இருந்தது என்கிறார். அவர்கள் மனதில் எனக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன், அந்த நினைப்பே கடைசி நேரத்தில் என்னைத் தளரவிடாது என்று முடிக்கிறார். கட்சியின் கோஷம் எதுவும் இல்லாத, ஒரு மல்லரின் கடிதம்.

அவர் சொன்ன அந்த ‘இடம்’ அதற்குப் பிறகு பட்ட பாடு பெரிது. போர் முடிந்த சில வாரங்களில், 1945 ஜூலை மாதம், நொய்கெல்ன் மைதானத்தில் அவர் அஸ்தியைப் புதைத்து, மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அப்புறம் பெர்லின் இரண்டாகப் பிரிந்தது; நொய்கெல்ன் அமெரிக்கர்களின் பகுதியில் விழுந்தது. கம்யூனிஸ்ட் பெயர் கசந்தது. சில வருடத்திலேயே பலகையை மாற்றி வெறும் ‘நொய்கெல்ன் ஸ்டேடியம்’ ஆக்கிவிட்டார்கள், சமாதி உள்ளே இருக்க. கிழக்கே எதிர்க்கூத்து. பழைய மாட்டுச் சந்தைக் கட்டடம் ஒன்றை 1950-இல் பெரிய உள்ளரங்கமாக மாற்றி ஸேலன்பிண்டர் பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடம், தெரு, அஞ்சல் தலை, 1960-இல் திரைப்படம் எல்லாம் வந்தது. கட்சி மாநாடுகளும் அந்த அரங்கத்தில் நடந்தன. ரகசியமாக வேலை செய்த மனிதரை எடுத்து அரசாங்கச் சிலையாக்கிவிட்டார்கள். மேற்கே மறைத்ததும் கிழக்கே பூஜை செய்ததும் ஆளைப் பார்க்கவிடாமல் செய்ததில் ஒன்றுதான்.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு, ஒன்றுபட்ட நகரம் 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்த ஆசைப்பட்டது. அதற்குப் புது அரங்கங்கள் வேண்டும் என்று 1990-களின் தொடக்கத்தில் இடித்த கட்டடங்களில் ஒன்று, இந்த ஸேலன்பிண்டர் அரங்கம். அங்கே சைக்கிள் பந்தய அரங்கம் கட்டினார்கள். ஒலிம்பிக் சிட்னிக்குப் போய்விட்டது.

நொய்கெல்ன் மைதானத்துக்கு அவர் பெயர் திரும்பி வந்தது 2004-இல், அவர் இறந்து அறுபது வருடம் ஆன நாளில். 2008-இல் ஜெர்மன் விளையாட்டின் புகழ் மண்டபப் பட்டியலிலும் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் அவருக்கு அக்கம்பக்கத்தில் நாஜிக் கட்சி உறுப்பினர்களாக இருந்தவர்களும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கைக் கொண்டுவந்த வில்லி டவுமெ அவர்களில் ஒருவர், 1954-இல் மேற்கு ஜெர்மனிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கால்பந்துப் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் இன்னொருவர். ஹெர்பெர்கர் கட்சியில் சேர்ந்தது 1933 மே மாதம்.